முகமூடிக்குப் பின்னால் பார்த்த டாக்டர்: ஹெர்வி க்ளெக்லியும், உங்கள் போனில் வரும் 'சைக்கோ' க்விஸ்ஸும்!

ராத்திரி 11 மணி. தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். நடுவில் ஒரு க்விஸ். நீங்கள் சைக்கோபாத்தா, இல்லையா என்று 12 கேள்விகளில் சொல்லிவிடுமாம். சும்மா ஒரு ஜாலிக்குத் தட்டுகிறீர்கள். 62 சதவிகிதம் என்று ரிசல்ட் வருகிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் போட்டுச் சிரித்துவிட்டு, படுத்த பிறகு மட்டும் ஒரு சின்ன நெருடல். ஒருவேளை உண்மையா இருக்குமோ?

அல்லது, க்விஸ் உங்களுக்கே இல்லை. பிரிந்துபோன காதலனை மனதில் வைத்து, அவனுக்காக நீங்கள் பதில் போடுகிறீர்கள். 95 சதவிகிதம் வருகிறது. நினைச்சேன், அவன் சைக்கோதான் என்று மனசு ஆறிவிடுகிறது.

இந்த இரண்டு ராத்திரிகளுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் இறந்து 40 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் அந்த க்விஸ்ஸை எழுதவில்லை. ஆனால், அதில் இருக்கும் கேள்விகள் பலவற்றின் தாத்தா அவர் போட்ட ஒரு பட்டியல்தான். அவர் பெயர் ஹெர்வி க்ளெக்லி. அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை அந்த ரிசல்ட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். வாங்க, பார்க்கலாம்.

மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு

அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா என்றொரு மாநிலம். அங்கே அகஸ்டா என்ற ஊரில் 1903-ல் பிறந்தார் க்ளெக்லி. படிப்பில் புலி, விளையாட்டிலும் புலி. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் தடகளமும் ஆடிக்கொண்டே முதல் தரத்தில் பட்டம் வாங்கினார். (நம்ம ஊர் கால்பந்து இல்லை, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அது.) அடுத்து ரோட்ஸ் ஸ்காலர்ஷிப். அதில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் 1926-ல் இன்னொரு பட்டம். ஊர் திரும்பி மருத்துவம் படித்து 1929-ல் டாக்டரானார்.

இப்படிப்பட்ட ஒருவர் நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ பெரிய பெயர் எடுக்கப் போவார் என்றுதான் நினைப்போம். இவர் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டார். முன்னாள் ராணுவ வீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவராகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் இருந்து திரும்பியவர்கள் அங்கே நிறைய வந்தார்கள்.

பெரும்பாலானவர்களின் நோய் டாக்டருக்குப் புரிந்தது. சிலருக்குக் காதில் குரல் கேட்கும். சிலர் யாரோ தன்னைத் துரத்துகிறார்கள் என்று நடுங்குவார்கள். சிலர் துக்கத்தில் பேச்சையே விட்டிருப்பார்கள். ஆனால், நடுவில் ஒரு தனி ரகம் வந்தது. அதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

எல்லாம் சரி, ஆனால் எதுவுமே சரியில்லை

அந்த ஆள் உள்ளே வருவார். நல்ல உடை, நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. காதில் குரல் கேட்காது. பதற்றம் கிடையாது. கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில். ஐந்து நிமிடத்தில் நர்ஸ், டாக்டர், வார்டு பையன் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துவிடுவார். இவரை எதற்கு இங்கே கொண்டுவந்தார்கள் என்று உங்களுக்கே தோன்றும்.

பிறகு குடும்பத்தைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். பொய்க் கையெழுத்துப் போட்ட காசோலை, ஒருத்தி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம், அப்பா அடைத்த கடன், மறுபடி அதே கடன். ஒவ்வொரு முறையும் கண்ணீர் மல்க ஒரு மன்னிப்பு. அடுத்த வாரமே அதே வேலை. இதில் அவருக்குப் பெரிய லாபமும் இருக்காது. அதுதான் விசித்திரம். பணத்துக்காகத் திருடுகிறவனைப் புரிந்துகொள்ளலாம். தேவையே இல்லாமல், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும், தன் வாழ்க்கையைத் தானே உடைக்கிறவனை என்ன செய்வது?

மேக்ஸ் என்று பெயர் மாற்றி ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பெரிய ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று அளப்பார். சண்டை, ஏமாற்று, கைது. போலீஸ் பிடித்தால், நான் மனநோயாளி, மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்பார். மருத்துவமனைக்கு வந்ததும், எனக்கு ஒரு நோயும் இல்லை, வெளியே விடுங்கள் என்பார். ரெண்டு பக்கமும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஜெயில் இவரை நோயாளி என்று தள்ளும். ஆஸ்பத்திரி இவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அனுப்பிவிடும். நடுவில் தேய்ந்துபோனது கூட இருந்தவர்கள்தான்.

க்ளெக்லியின் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதையே மருத்துவ உலகம் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்தார். சைக்கோபதி என்ற சொல் அப்போதே இருந்தது. ஆனால், எதிலும் அடங்காதவர்களை எல்லாம் போட்டுவைக்கும் பழைய சாக்குமூட்டை மாதிரிதான் அது பயன்பட்டது. மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருப்பதைப் பிரித்து வைக்க அவர் முடிவு செய்தார்.

1941: ஒரு புத்தகம், ஒரு முகமூடி

1937-ல் அகஸ்டா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். நான்கு வருடம் கழித்து, 1941-ல், 'தி மாஸ்க் ஆஃப் சானிட்டி' வெளிவந்தது. தெளிந்த புத்தி என்னும் முகமூடி என்று நாம் புரிந்துகொள்ளலாம். மருத்துவப் புத்தகம் என்றாலும், உள்ளே இருந்தது கதை மேல் கதை. ஒவ்வொரு நோயாளியையும் ஒரு சிறுகதை மாதிரி எழுதியிருந்தார்.

அவர் சொன்ன மையமான விஷயம் இதுதான். இந்த மனிதர்களுக்கு அறிவு குறைவில்லை. அன்பு, வெட்கம், துக்கம் போன்ற சொற்கள் அவர்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஆனால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நமக்கு வரும் உணர்வு அவர்களுக்கு வருவதில்லை. ராகம் தெரியாதவர் பாட்டின் வரிகளை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பது மாதிரி.

அடுத்தடுத்த பதிப்புகளில் அவர் தன் பட்டியலைச் செதுக்கிக்கொண்டே போனார். கடைசியில் அது 16 அம்சங்களாக நின்றது. மேலோட்டமான வசீகரம், நம்பகமின்மை, பொய், குற்ற உணர்ச்சி இல்லாமை, அனுபவத்தில் இருந்து பாடம் கற்காமை, யாரையும் நேசிக்க முடியாத சுயநலம், தன்னைத் தானே பார்க்கத் தெரியாமை, வாழ்க்கையில் எந்தத் திட்டத்தையும் தொடர முடியாமை... இப்படிப் போகும். பதற்றம் இல்லாததும், மனப்பிரமைகள் இல்லாததும்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

இதில் என்ன இல்லை என்று கவனித்தீர்களா? கொலை இல்லை. ரத்தம் இல்லை. நாம் சினிமாவில் பார்க்கும் 'சைக்கோ'வும், க்ளெக்லி பார்த்த சைக்கோபாத்தும் ஒன்றல்ல. அவருடைய ஆட்களில் பலர் பெரிய வன்முறையில் இறங்காதவர்கள். கூட இருப்பவர்களை மெதுவாக அரித்துத் தின்கிறவர்கள், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி போனார். வியாபாரி, விஞ்ஞானி, டாக்டர், ஏன் மனநல மருத்துவரிலேயேகூட இந்தக் குணங்கள் பாதி அளவில் இருக்கலாம் என்று தனித்தனி அத்தியாயங்கள் எழுதினார். அவர்கள் ஜெயிலுக்கும் போவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் வருவதில்லை. நம்மோடு லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். அப்படியானால், அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எண்ணுவது? அந்தக் கேள்வியை அவர் எழுப்பினார். அதற்குப் பதில் தேடியவர்கள்தான் கேள்வித்தாளோடு வந்தார்கள்.

மூன்று முகங்களும், ஒரு படிவமும்

அதற்கு முன்னால், க்ளெக்லியை உலகப் புகழுக்குக் கொண்டுபோன விஷயம் வேறு. அகஸ்டாவில் அவரோடு சேர்ந்து மருத்துவம் பார்த்தவர் கார்பெட் திக்பென். அவரிடம் தலைவலி என்று ஒரு இளம்பெண் வந்தார். அடக்கமான, சோர்ந்துபோன மனைவி. ஒருநாள் அதே பெண் முற்றிலும் வேறு ஆளாக, குறும்பும் கும்மாளமுமாகப் பேச ஆரம்பித்தார். பிறகு மூன்றாவதாக ஒருத்தி. இரண்டு டாக்டர்களும் சேர்ந்து 1954-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 1957-ல் 'தி த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' என்ற புத்தகம் வந்தது. அதே வருடம் ஹாலிவுட் படமும் வந்தது. ஈவாக நடித்த ஜோன் வுட்வர்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது.

இதில் நம் கதைக்குத் தேவையான ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மூன்று 'ஈவ்'களிடமும் தனித்தனியாக ஒரு படிவம் கொடுத்தார்கள். அம்மா, அப்பா, அன்பு, நான் என்று சில சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நல்லது-கெட்டது, வலுவானது-பலவீனமானது என்பதுபோல 7 படிகளில் எங்காவது ஒரு குறி போட வேண்டும். பூர்த்தியான தாள்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே சார்லஸ் ஆஸ்குட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும், அந்தப் பெண்ணைப் பார்க்காமலே, அந்தக் குறிகளை மட்டும் வைத்து மூன்று பேரின் குணத்தையும் விவரித்தார்கள். நேரில் பார்த்த டாக்டர்கள் சொன்னதோடு அது பெரிதும் ஒத்துப்போனது.

ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தானே போடும் குறிகளுக்கு இவ்வளவு சக்தியா? ஆமாம். ஆனால், அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை. பொய்யே தொழிலாகக் கொண்டவரிடம் அதே தாளைக் கொடுத்தால்?

பொய்யரிடம் உண்மை கேட்பது எப்படி?

இதுதான் முடிச்சு. க்ளெக்லியின் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்வார் என்கிறது. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாது என்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய், ஐயா நீங்கள் பொய் சொல்வீர்களா, உங்களுக்குக் குற்ற உணர்ச்சி உண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

முதலில் இதை வேறு வழியில் தாண்டியவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள். 1943-ல் ஸ்டார்க் ஹாத்வேயும் ஜே.சி.மெக்கின்லியும் ஒரு பெரிய கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட வாக்கியங்கள். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில். சின்னச் சின்ன தப்புகளால் கோர்ட்டு வழியாக வந்த இளைஞர்கள் எதற்கு ஆமாம் போடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்த சாதாரண மக்கள் எதற்கு ஆமாம் போடுகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். இரண்டு கூட்டமும் பிரிகிற இடங்களை மட்டும் எடுத்து ஒரு அளவுகோல் செய்தார்கள். கேள்வி எதைப் பிடிக்கப் போடப்பட்டது என்பது பதில் போடுகிறவருக்கு எளிதில் தெரியாது. கூடவே ஒரு பொறியும் வைத்தார்கள். எல்லா மனிதர்களும் ஒப்புக்கொள்ளும் சின்னக் குறைகளைக்கூட மறுக்கிறவர், அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டிக்கொள்கிறார் என்று காட்டும் தனி அளவு அது.

அடுத்து அதே மினசோட்டாவில் டேவிட் லிக்கன். 1957-ல் க்ளெக்லியின் பட்டியலை வைத்துக் கைதிகளைப் பிரித்தார். தப்பான நெம்புகோலை அழுத்தினால் ஷாக் அடிக்கும் ஒரு விளையாட்டைக் கொடுத்தார். பட்டியலுக்குப் பொருந்தியவர்கள் ஷாக்கைத் தவிர்க்க மற்றவர்கள் அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. பயம் அவர்களுக்கு வாத்தியாராக இல்லை.

அதைத் தாளிலும் கேட்டார் லிக்கன், ரொம்ப சாமர்த்தியமாக. பயமுறுத்தும் ஒரு விஷயம், சலிப்பூட்டும் ஒரு விஷயம், ரெண்டில் எது பரவாயில்லை என்று மட்டும் கேட்டார். இரண்டுமே பிடிக்காதவைதான். நல்லவர் பதில், கெட்டவர் பதில் என்று அங்கே எதுவும் இல்லை. அதனால் நடிக்கவும் வழியில்லை. பயம் குறைந்தவர் திரும்பத் திரும்ப ஆபத்தான பக்கமே சாய்வார். பிற்காலத்தில் லிக்கன் இன்னொன்றும் சொன்னார். நாயகனும் சைக்கோபாத்தும் பயமின்மை என்ற ஒரே கிளையில் முளைத்த இரண்டு கொம்புகளாக இருக்கலாமாம். யார் வளர்க்கிறார்கள், எப்படி வளர்க்கிறார்கள் என்பதும் அதில் முக்கியம்.

கனடாவின் ராபர்ட் ஹேர் வேறு பாதையில் போனார். கைதியின் வாயை நம்பவில்லை. நீண்ட நேர்காணல், கூடவே கோர்ட்டு, போலீஸ் ஆவணங்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து, பயிற்சி பெற்ற ஒருவர்தான் மதிப்பெண் போட வேண்டும் என்றார். க்ளெக்லியின் சித்திரத்தில் இருந்து கிளம்பிய அவருடைய அளவுகோல் 1980-ல் முதலில் வந்தது. 1991-ல் 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண் என்று நிலைபெற்றது. ஜெயிலுக்கு அது பொருந்தியது. ஆனால், வெளியே இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு? எல்லோருக்கும் போலீஸ் ஃபைலா இருக்கிறது?

அதனால்தான் கேள்வித்தாள் மறுபடி வந்தது. 1995-ல் மைக்கேல் லெவன்சனும் சக ஆய்வாளர்களும் 26 கேள்விகள் கொண்ட ஒன்றைக் கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கினார்கள். 1996-ல் லிக்கனின் மாணவர் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் அவருடைய கூட்டாளியும் 187 கேள்விகளோடு ஒன்றை வெளியிட்டார்கள். குற்றம் செய்தாயா என்று கேட்பதைவிட, குணத்தைக் கேட்டார்கள். கேள்விகளை அவமானமாகத் தோன்றாதபடி எழுதினார்கள். கூர்மையான ஆள் என்று பெருமையோடு ஒப்புக்கொள்கிற தொனியில் கேட்டால், நிறையப் பேர் மறைப்பதில்லை. அவர்களுக்கு அது குறையாகவே தெரிவதில்லையே!

இதில் ஒரு ஆச்சரியம். இந்தத் தாள்களில் அதிக மதிப்பெண் எடுக்கிறவர்கள் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்ளப் பெரிதாக முயல்வதில்லை என்றுதான் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால், அதில் ஒரு கண்டிஷன் உண்டு. பெயர் எழுதாத ஆய்வில் உண்மை சொல்கிறவர், வேலையோ விடுதலையோ அந்தத் தாளை நம்பியிருந்தால் அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, ஒரு கணக்கு போடலாமா?

உங்கள் போன் க்விஸ் ரொம்ப நல்ல க்விஸ் என்றே வைத்துக்கொள்வோம். 100-க்கு 90 முறை சரியாகச் சொல்லும். மக்களில் 100-க்கு ஒருவர் உண்மையிலேயே அந்த ரகம் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது 1,000 பேர் அதை எழுதுகிறார்கள்.

உண்மையான ஆட்கள் 10 பேர். அதில் 9 பேரைப் பிடித்துவிடும். சபாஷ்! மீதி 990 பேர் சாதாரண மக்கள். அவர்களில் 100-க்கு 10 பேர் வீதம் தப்பாகச் சொல்லும். அதாவது 99 பேர். ஆக, சைக்கோபாத் என்று ரிசல்ட் வாங்கியவர்கள் 108 பேர். அதில் உண்மையானவர்கள் 9 பேர்தான். பன்னிரண்டு பேரில் ஒருவர். மீதிப் பதினோரு பேரும் உங்களை மாதிரி ராத்திரி படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பவர்கள்!

இது நான் உதாரணத்துக்குப் போட்ட கணக்கு. நிஜத்தில் 12 கேள்வி க்விஸ் 90 சதவிகிதமெல்லாம் கிட்டேயே வராது. நிஜ ஆய்வுகளிலும் எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறுகிறது. 2021-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொது மக்களில் சைக்கோபதி 4.5 சதவிகிதம் என்று வந்தது. ஹேரின் நேர்காணல் அளவுகோலைப் பயன்படுத்தியவற்றை மட்டும் எடுத்தால் அது 1.2 சதவிகிதமாகச் சுருங்கியது. மனிதர்கள் மாறவில்லை. அளந்த கோல்தான் மாறியது.

இன்னொன்று. இந்தக் குணங்கள் ஸ்விட்ச் மாதிரி ஆன், ஆஃப் என்று இருப்பவை அல்ல என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. உயரம் மாதிரி. எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. சிலருக்கு அதிகம், சிலருக்கு மிக அதிகம். எந்த உயரத்துக்கு மேல் 'நெட்டை' என்பது நாம் கிழிக்கிற கோடுதான்.

அவரே விழுந்த பள்ளம்

க்ளெக்லியைக் கடவுளாக்கிவிட வேண்டாம். முத்திரை குத்துவதில் அவரும் தப்பு செய்தார். 1957-ல், ஈவ் புத்தகம் வந்த அதே வருடம், 'தி காரிகேச்சர் ஆஃப் லவ்' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். ஒருபால் ஈர்ப்பை நோய் என்றும் கோளாறு என்றும் அதில் வாதிட்டார். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே ஒருபால் ஈர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண்கள், தன் காலத்தின் வெறுப்பை மட்டும் பார்க்கத் தவறின. அவர் மாதிரியானவர்கள் எழுதியதை நம்பி எத்தனை பேர் தங்களையே நோயாளிகள் என்று நினைத்து வாழ்ந்திருப்பார்கள்! நிபுணர் குத்தும் முத்திரைக்கும் அழியாத மை கிடையாது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈவ் கதையும் சினிமாவில் முடிந்த மாதிரி முடியவில்லை. படத்தில் அவர் குணமாகிவிடுவார். நிஜ ஈவான கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோர், 1970-களில் தான்தான் அந்தப் பெண் என்று உலகத்துக்குச் சொன்னார். தன் பிரச்னை அந்த டாக்டர்களோடு தீரவில்லை, பல வருடங்கள் தொடர்ந்தது என்றும், தனக்குள் இருந்தது மூன்று பேர் மட்டும் அல்ல என்றும் எழுதினார். அவரைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள், சினிமாக்காரர்கள் எடுத்தார்கள். அவர் தன் கதையைத் தானே சொல்ல 20 வருடம் ஆனது.

கடைசி சாட்சி

1979. க்ளெக்லிக்கு 75 வயது. ஃப்ளோரிடா அரசுத் தரப்பு அவரை அழைத்தது. விசாரணைக் கைதி டெட் பண்டி. பெண்களைக் கொன்றதாக வழக்கு. வழக்கைப் புரிந்துகொண்டு விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. தகுதி இல்லை என்றார் பண்டி தரப்புக்காகப் பரிசோதித்த மனநல மருத்துவர். க்ளெக்லி பரிசோதித்தார். பண்டி சைக்கோபாத், ஆனால் விசாரணைக்குத் தகுதியானவர் என்றார். நீதிபதி அதை ஏற்றார். விசாரணை நடந்தது, மரண தண்டனை கிடைத்தது.

சரியான பார்வைதான். ஆனால், ஒரு விபரீதமும் நடந்தது. கொலைகாரன் என்றாலே சைக்கோபாத், சைக்கோபாத் என்றாலே கொலைகாரன் என்று பொதுப்புத்தியில் பதிந்திருந்த எண்ணம், இப்படிப்பட்ட வழக்குகளால் இன்னும் இறுகிப்போனது. வாழ்நாள் முழுக்க அவர் எழுதியது அதற்கு நேர் எதிர். கத்தி இல்லாமல், சத்தம் இல்லாமல், ஒரு குடும்பத்தையே காலி செய்கிறவர்களைப் பற்றித்தான்.

1984-ல் க்ளெக்லி இறந்தார். அதே வருடம் அவரும் திக்பென்னும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. ஈவ் படத்துக்குப் பிறகு, எனக்குள்ளும் பல பேர் இருக்கிறார்கள் என்று நோயாளிகள் குவிந்திருந்தார்கள். டாக்டர்களும் அப்படியே எழுதிக்கொடுத்தார்கள். முப்பது வருடங்களில் தாங்கள் பார்த்த ஆயிரக்கணக்கான நோயாளிகளில், ஈவைத் தவிர உண்மையானதாகத் தோன்றியது இன்னும் ஒரே ஒருவர்தான் என்று இருவரும் எழுதினார்கள். தாங்கள் பிரபலமாக்கிய முத்திரையை, இப்படி அள்ளி வீசாதீர்கள் என்று தாங்களே எச்சரித்தார்கள்.

இனி நீங்கள்...

போன் க்விஸ்ஸுக்கு வருவோம். உங்களுக்கு 62 சதவிகிதம் வந்ததா? நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த எண்ணை யாரோடும் ஒப்பிட்டு யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆய்வுக்காகச் செய்த கேள்வித்தாள்கள், ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்து எந்தக் குணம் எதோடு போகிறது என்று கண்டுபிடிக்க உதவும். தனி ஒருவருக்குத் தீர்ப்பு எழுத அவை செய்யப்படவில்லை.

அந்தப் பழைய காதலனுக்காக நீங்கள் போட்ட க்விஸ்? அது அவனை அளக்கவில்லை. உங்கள் வலியை அளந்தது. அந்த வலி உண்மை. அவன் பொய் சொன்னான், பணம் வாங்கித் திருப்பித் தரவில்லை, உங்களை அழவைத்துவிட்டுச் சிரித்தான் என்றால், விலகுவதற்கு அது போதும். அவனுக்கு ஒரு நோயின் பெயர் கண்டுபிடித்த பிறகுதான் விலக உரிமை வரும் என்று யார் சொன்னது? மிரட்டலோ அடியோ இருந்தால், க்விஸ்ஸை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ, மனநல ஆலோசகரிடமோ, காவல்துறையிடமோ பேசுங்கள்.

க்ளெக்லி தன் நோயாளிகளை ஒரு தாளில் அளக்கவில்லை. வருடக்கணக்கில் பார்த்தார். அவர்கள் சொன்னதைவிட, செய்ததைக் குறித்துவைத்தார். வீட்டில் காத்திருந்த அம்மாக்களையும் மனைவிகளையும் உட்காரவைத்துக் கேட்டார். ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கும் இருப்பது அதே வழிதான். என்ன பேசுகிறார் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மன்னிப்புக் கேட்ட அடுத்த வாரம் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.